பல்ப் கேப்பிங் சிமென்ட் மேல் பாண்டிங்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

அரூர், பென்னாகரம் பக்கமிருந்து தருமபுரிக்குப் பல் காட்ட வருபவர்கள், "இன்னைக்கே முடிச்சு விட்டுடுங்க டாக்டர், திரும்ப வர லீவு கிடைக்காது" என்பார்கள். நியாயம்தான். ஆனால் ஆழமான சொத்தையை எடுக்கும்போது பல்ப் (பல்லுக்குள் நரம்பும் ரத்தநாளமும் உள்ள திசு) தெரிந்து, அதைக் காக்க மேலே சிமென்ட் வைத்த (இதுதான் பல்ப் கேப்பிங்) கையோடு ஆசிட், பாண்ட் (ஒட்டும் பசை), கம்போசிட் (பல் நிற ரெசின் அடைப்பு) என்று ஒரே மூச்சில் முடிப்பதில்தான் வினை தொடங்குகிறது.

இதற்கான சிமென்ட்களில் ஒன்றான எம்.டி.ஏ. முதல் கட்டமாக இறுகவே 2 மணி 45 நிமிடம் ஆகும். அதனால் யாரும் அதில் அவசரப்படுவதில்லை. ஏமாற்றுவது இன்னொரு சிமென்டான பயோடென்டின். கால்சியம் குளோரைடு சேர்த்திருப்பதால் 12 நிமிடத்தில் கெட்டியாகிவிடும். கருவியால் தட்டிப் பார்த்து, "சரி, செட் ஆயிடுச்சு" என்று பாண்ட் எடுத்துவிடுகிறோம். உள்ளே நீரேற்றம் (சிமென்ட் நீரோடு வினைபுரிந்து இறுகுவது) இன்னும் நடந்துகொண்டிருக்கும். நன்றாக முதிர ஏறக்குறைய 2 வாரம் வேண்டும். அதற்குள் மேலே கம்போசிட் வைத்து லைட் காட்டினால், அது சுருங்கி இழுக்கிற இழுப்பில் பசை விடுவதற்கு முன் சிமென்டே உள்ளுக்குள் பிளந்துவிடும். கழன்று வந்த கம்போசிட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளையாகச் சிமென்ட் ஒட்டியிருக்கும். பாண்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

பள்ளம் முழுவதையும் பயோடென்டினாலேயே அடைத்து அனுப்பி, 2 வாரம் கழித்து மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு கம்போசிட் வைப்பதுதான் என் முதல் தேர்வு. தற்காலிக அடைப்பாக அது 6 மாதம் வரை தாங்கும் என்பதால், ஆள் தாமதமாக வந்தாலும் பெரிய கவலை இல்லை. வரவே முடியாதவருக்கு லைட்டில் இறுகும் தெராகால் என்ற கேப்பிங் பொருள் இருக்கிறது. 1 மில்லிமீட்டர் அடுக்கு, 20 விநாடி. ரெசின் கலந்தது என்பதால் பாண்ட் உடனே பிடிக்கும். அதே ரெசின் பல்ப்பைத் தொடுகிறது என்பதால் எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை.

அடுத்தது ஆசிட். இந்தச் சிமென்ட்கள் கடும் காரத்தன்மை கொண்டவை. 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் பட்டால் மேற்பரப்பு கரைந்து மென்மையாகிவிடும். எம்.டி.ஏ. மேல் ஆசிட் படுவதானால் அதை வைத்துக் குறைந்தது 96 மணி நேரமாவது போகட்டும். ஆசிட் ஜெல்லை எனாமல் விளிம்பில் மட்டும் வைத்து, சிமென்ட் மேல் செல்ஃப் எட்ச் பாண்ட் (தனியாக ஆசிட் வைக்கத் தேவையில்லாத பசை) தடவலாம். எம்.டி.பி. என்ற வேதிப்பொருள் உள்ள பாண்ட் சிமென்டிலுள்ள கால்சியத்தோடு வேதியியலாகவே பிணையும். ரத்தத்தை நிறுத்த ஹைப்போகுளோரைட் வைத்தால் நன்றாகக் கழுவிவிடுங்கள். மிச்சமிருந்தால் ரெசின் சரியாக இறுகாது. அதோடு ஹைப்போகுளோரைட் பிஸ்மத் ஆக்சைடு உள்ள எம்.டி.ஏ.வைக் கருக்க வைக்கும், முன்பல்லில் அசிங்கமாகத் தெரியும். யூஜினால் (கிராம்பு எண்ணெயில் உள்ள பொருள்) உள்ள தற்காலிக அடைப்பும் ரெசினுக்கு ஆகாது.

விளம்பரத் தாளில் உள்ள மெகாபாஸ்கல் எண்ணை (பிடிப்பின் வலிமை அளவு) மட்டும் பார்த்துப் பாண்ட் வாங்காதீர்கள். சிமென்ட் வைத்து எத்தனை நேரம் கழித்துச் சோதித்தார்கள் என்பதையும் பாருங்கள்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நடுவில் சிமென்ட் மேல் பிடிப்பு குறைவு என்பதால், அடைப்பைத் தாங்குவது சுற்றியுள்ள எனாமல்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் குடிநீர் 2013இல் வந்தது என்றாலும், அதற்கு முன் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை அப்படியே இருக்கிறது. அந்த எனாமலின் மேலடுக்கு ஆசிட்டுக்கு எளிதில் மசியாது. வழக்கமான 15 விநாடியில் கழுவி உலர்த்தினால் சுண்ணாம்பு வெண்மை வராமல் பளபளப்பாகவே நிற்கும். அப்படித் தெரிந்தால் பாண்ட் தடவாதீர்கள். பர்ரால் (சுழலும் கடைசல் முனை) விளிம்பை லேசாகச் சுரண்டி, ஆசிட் வைத்து இன்னும் கூடுதல் நேரம் எட்ச் செய்து, வெண்மை வந்த பிறகு தொடருங்கள்.