கோடைக்கு முன் லேசர் முடி நீக்கம்: அக்டோபரிலேயே தொடங்குங்கள்

சித்திரை வெயிலுக்குள் கை கால் வழுவழுப்பாக வேண்டுமென்றால் அக்டோபரிலேயே தொடங்கிவிடுங்கள். வளரும் நிலையில் உள்ள முடி மட்டுமே லேசருக்குக் கட்டுப்படும். அதனால் 4 முதல் 6 வாரத்துக்கு ஒன்றாக, பெரும்பாலும் 6 அமர்வாவது தேவைப்படும். நிறமி இல்லாத நரைமுடிக்கு லேசர் வீண்.

நம் மாநிற, கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி யாக் (Nd:YAG) லேசர் கருவி இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். அலைநீளம் குறைந்தால் தோலின் நிறமியும் சேர்ந்து சூடாகும். கொப்புளம், கருந்திட்டு வரலாம்.

அமர்வுக்கு 4 வாரம் முன்பிருந்தே வேக்ஸிங், த்ரெடிங் வேண்டாம்: வேரைப் பிடுங்கிவிட்டால் லேசர் எதைச் சுடும்? முந்தின நாள் ஷேவ் போதும். அமர்வு முடிந்த ஓரிரு வாரத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரியும். உதிரப்போகும் முடிதான், பிடுங்காதீர்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசுங்கள். தாடையில் திடீரென முடி அடர்ந்தால் முதலில் ஹார்மோன் பரிசோதனை.