எட்டுக்கு நாலு பலகையில் ஒரு ரயில்பாதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஒன்றை வாங்கி வந்து, செட்டோடு வந்த தண்டவாளத்தை அன்றைக்கே ஆணியடித்து, ராத்திரிக்குள் ரயிலை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். மாதிரி ரயில் பித்துப் பிடித்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறோம். ரயிலும் ஓடும். சின்ன இன்ஜின், இரண்டு சரக்கு வண்டி என்றால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆசைப்பட்டு நீளமான பயணிகள் பெட்டிகளை வாங்கும்போதுதான் வினை. வளைவில் ஏறியதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடம் புரளும்.

பெட்டியைக் குறை சொல்லாதீர்கள், கணக்கைப் பாருங்கள். பரவலாகப் புழங்கும் எச்.ஓ. அளவு என்பது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு. நம்மூர் எக்ஸ்பிரஸ் வண்டிகளில் வரும் எல்.எச்.பி. ரகப் பயணிகள் பெட்டி சுமார் 23.5 மீட்டர். சுருக்கினால் 27 செ.மீ. வண்டி நம்பகமாக ஓட, வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அப்படியானால் 81 செ.மீ. நாலடிப் பலகையின் பாதி அகலமே 61 செ.மீ.தான்! ஆக, அந்தப் பலகையில் எச்.ஓ. எக்ஸ்பிரஸ் வண்டிக்கு இடமே இல்லை. அதே பலகையில் பாக்ஸ்-என் சரக்கு வேகன்கள் சுகமாக ஓடும். அவை 12 செ.மீ. சொச்சம்தான். பயணிகள் வண்டிதான் வேண்டும் என்பவர்கள், 160-இல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவுக்குப் போகலாம். இல்லையென்றால் பலகையை மறந்துவிட்டு, சுவரை ஒட்டி அலமாரி மாதிரிப் பாதை போடலாம். எது என்றாலும் தண்டவாளம் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

(நம் அகலப்பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ. தாண்டும்; எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை.)

அடுத்த ஆசை, ஒரு பாதைக்கு மேல் இன்னொரு பாதை பாலமாகப் போவது. கீழே வண்டி தலை இடிக்காமல் போக, எச்.ஓ.வில் சுமார் 75 மி.மீ. உயரம் தேவை. 50-க்கு 1 என்ற சாய்வில் அதை எட்ட 3.75 மீட்டர் ஏற வேண்டும், அப்புறம் அதே அளவு இறங்க வேண்டும். மொத்தம் ஏழரை மீட்டர். எட்டுக்கு நாலு பலகையில் ஒரு சுற்றே ஆறு மீட்டரைத் தாண்டாது. சரி, சாய்வைக் கூட்டிவிடலாம் என்று தோன்றும். நிஜத்தில் மும்பை - புனே பாதையின் போர் காட் மலையில் 37-க்கு 1 ஏற்றத்துக்கே பின்னால் கூடுதல் இன்ஜின்களைப் போட்டுத் தள்ளுகிறார்கள். 12-க்கு 1 அளவில் ஏறும் நீலகிரி ரயிலுக்குப் பல் தண்டவாளம் இருக்கிறது. உங்கள் இன்ஜினுக்கு இரண்டும் இல்லை. ரயிலை விட்டுவிட்டு சாலையைப் பாலத்தில் ஏற்றிவிடுங்கள். பார்வைக்கு அதே அழகு.

மின்சாரத்தில் எல்லோரும் செய்யும் தவறு, மொத்தப் பாதைக்கும் இரண்டே ஒயர் கொடுப்பது. முதல் மாதம் பிரச்சினை தெரியாது. அப்புறம் தண்டவாளங்களைச் சேர்க்கும் ஜாயினர்கள் தளர்ந்து, களிம்பு பிடித்து, தூரத்து மூலையில் இன்ஜின் முக்க ஆரம்பிக்கும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தண்டவாளம் செய்யும் நிக்கல் சில்வர் உலோகம் செம்பு அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தாது என்பதும் ஒரு காரணம். பலகைக்கு அடியில் தடித்த செம்பு ஒயர் ஒரு ஜோடி ஓடட்டும். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் குட்டி ஒயர் எடுத்து சாலிடர் வையுங்கள். டி.சி.சி. முறையில் (தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) ஓட்டுபவர்கள், பாதையின் பல இடங்களில் ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்துப் பாருங்கள். எங்கே வைத்தாலும், பாதைக்கு மின்சாரம் கொடுக்கும் பூஸ்டர் உடனே தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்தாவிட்டால் அங்கே ஒயர் போதவில்லை. ஒருநாள் வண்டி தடம் புரண்டு ஷார்ட் ஆகும்போது சக்கரமோ பிளாஸ்டிக்கோ உருகும்.

ஜல்லி போட அவசரப்படாதீர்கள். ஜல்லியை ஒட்ட ஊற்றும் தண்ணீர் கலந்த ஃபெவிகால் காய்ந்துவிட்டால், பிழையான பாதையும் சேர்ந்து இறுகிவிடும். ஒரு மாதமாவது வெறும் பாதையில், முன்னோக்கியும் பின்னோக்கியும், இருக்கிற எல்லா வண்டிகளையும் ஓட்டிப் பாருங்கள். பாதை இரண்டாகப் பிரியும் இடமான பாயின்ட்டின் அசையும் நாக்குப் பக்கம் பசை போகவே கூடாது. நான் ஒன்றை அப்படித்தான் கொன்றேன். பாயின்ட்டைச் சுரங்கத்துக்குள் வைப்பதும், பலகையை மூலையில் தள்ளிவிட்டு நாலடி தாண்டிக் கை நீட்டுவதும் அதே ரகம். கை வசதியாக எட்டுவது இரண்டரை அடி வரைதான்.

மொட்டைமாடி அறை என்றால் தண்டவாள மூட்டுகளில் விசிட்டிங் கார்டு தடிமனுக்கு ஆங்காங்கே இடைவெளி விடுங்கள். 20 டிகிரி வெப்பம் கூடினால் மூன்று மீட்டர் தண்டவாளம் கிட்டத்தட்ட 1 மி.மீ. நீளும். அழுக்கைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். உப்புத்தாள் தேய்த்தால் கீறலில் அழுக்கு இன்னும் சேரும். இரும்பு நார் தூள்களை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். பல்லி எச்சத்துக்கு மட்டும் மருந்தில்லை, பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தி வையுங்கள்.

ஓட்டுவதில் பெரிய தவறு வேகம். எட்டடி நீளத்தை இரண்டரை வினாடியில் கடந்தால், நிஜக் கணக்கில் அது மணிக்கு 300 கி.மீ. வந்தே பாரத்கூட அப்படிப் பறப்பதில்லை. 100 கி.மீ. வேகத்துக்கு அதே தூரம் ஏழரை வினாடி எடுக்க வேண்டும். இன்னொன்று, வட்டப்பாதை மட்டும் இருந்தால் பத்தாவது சுற்றில் அலுத்துவிடும். பக்கத்தில் மூன்று பாயின்ட்டோடு வேகன்களைப் பிரித்து அடுக்க ஒரு குட்டி யார்டு போடுங்கள். ஐந்து வேகன்களைக் கலைத்து, சீட்டில் எழுதிய வரிசையில் திரும்ப அடுக்கச் சொல்லி பக்கத்து வீட்டுப் பையனிடம் கன்ட்ரோலரைக் கொடுங்கள். அரை மணிநேரத்துக்கு உங்களுக்கு அது திரும்பக் கிடைக்காது.