டெக்ஸஸில் வீட்டு வரியும் ஸ்கூல் போர்டு தேர்தலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்ஸஸில் மாநில வருமான வரி கிடையாது என்பதற்காகவே கலிஃபோர்னியாவிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் பலர் இங்கே வீடு வாங்க வருகிறார்கள். அந்த மகிழ்ச்சி அக்டோபரில் சொத்து வரி பில் வரும் வரைதான். பில்லைப் பிரித்துப் பார்த்தால் கவுன்ட்டி, நகராட்சி, கம்யூனிட்டி காலேஜ் என்று வரிசையாகப் பல வரிகள் இருக்கும். அவற்றில் பெரியது ஐ.எஸ்.டி. எனப்படும் பள்ளி மாவட்டத்தின் வரி. அந்த மாவட்டத்தை நடத்தும், மக்கள் தேர்ந்தெடுக்கும் குழுதான் ஸ்கூல் போர்டு. மொத்தத்தில் ஏறக்குறைய பாதி அதற்கே போய்விடும். உடனே வாட்ஸ்அப் குழுவில் "ஸ்கூல் போர்டு கொள்ளையடிக்கிறது" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "எல்லாம் கவர்னர் வேலை" என்பார் இன்னொருவர். கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் தவறான கதவைத் தட்டுகிறது, அதுவும் தட்ட வேண்டிய மாதம் போன பிறகு.

மதிப்பு ஒருவர் கையில், விகிதம் இன்னொருவர் கையில்

வரி என்பது இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று வீட்டின் மதிப்பு, இன்னொன்று வரி விகிதம். மதிப்பைச் சொல்வது கவுன்ட்டிதோறும் இருக்கும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். ஜனவரி 1 அன்று அந்த வீடு சந்தையில் என்ன விலை போகும் என்பதுதான் அவர்கள் கணக்கு. விகிதத்தைத் தீர்மானிப்பது ஸ்கூல் போர்டு. 100 டாலர் மதிப்புக்கு இத்தனை என்று பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் முடிவாகும். போர்டு கூட்டத்தில் எழுந்து நின்று "என் வீட்டு மதிப்பை ஏன் ஏற்றினீர்கள்" என்று கேட்டால் டிரஸ்டிகள் எனப்படும் போர்டு உறுப்பினர்கள் பாவமாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதேபோல, அப்ரைசல் விசாரணைக்குப் போய் "வரி தாங்க முடியவில்லை" என்று புலம்பினாலும் பலன் இல்லை. அங்கே எடுபடுவது பக்கத்து வீடுகள் விற்ற விலை, அஸ்திவார விரிசலின் படம், கூரை மாற்ற ஆகும் செலவுக்கான மதிப்பீடு போன்றவை. அதற்கும் மே 15-க்குள், அல்லது மதிப்பு நோட்டீஸ் அனுப்பிய 30 நாளுக்குள், எது பிந்தியதோ அதற்குள் ப்ரொடெஸ்ட், அதாவது மதிப்புக்கு ஆட்சேப மனு, கொடுத்திருக்க வேண்டும். அக்டோபர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மதிப்பைப் பற்றிப் பேசுவது காலம் கடந்த பேச்சு.

ப்ரொடெஸ்டிலும் ஒரு பொறி உண்டு. சொந்தக் குடியிருப்பு வீட்டுக்கு வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. அதனால் பல வீடுகளுக்கு நோட்டீஸில் இரண்டு எண்கள் இருக்கும்: சந்தை மதிப்பு 6,00,000 டாலர், வரம்புக்கு உட்பட்ட மதிப்பு 5,00,000 டாலர் என்பது போல. சந்தை மதிப்பை 5,80,000-க்கு இறக்கிவிட்டேன் என்று யாராவது பெருமைப்பட்டால், வரி 5,00,000-க்கே என்பதால் அந்த வருட பில்லில் ஒரு டாலர்கூடக் குறையாது.

ஹோம்ஸ்டெட்டில் விடும் பணம்

விகிதத்தைப் பற்றிப் பேசும் முன் நம் பக்கக் கணக்கைச் சரி பார்த்துக்கொள்வது நல்லது. குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு வாங்கினால், பள்ளி வரிக்கான மதிப்பிலிருந்து ஒரு பெரிய தொகை கழிந்துவிடும். 2022-க்கு முன் 25,000 டாலராக இருந்தது. அந்த ஆண்டு 40,000 ஆனது, 2023-இல் ஒரு லட்சம், 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பின் 1,40,000. உதாரணமாக 5,00,000 டாலர் வீட்டுக்கு 3,60,000-க்குத்தான் பள்ளி வரி. விகிதம் 100 டாலருக்கு 1 டாலர் என்று வைத்துக்கொண்டால் 3,600 டாலர். விலக்கு கேட்கவில்லையென்றால் 5,000.

இது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் இலவசம். "உங்களுக்காக ஹோம்ஸ்டெட் பதிவு செய்து தருகிறோம்" என்று அரசாங்க முத்திரை மாதிரி ஏதோ ஒன்றைப் போட்டுப் பணம் கேட்டு வரும் கடிதங்கள் குப்பைக்கே. விசா அல்லது கிரீன் கார்டில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது என்ற நினைப்பும் தவறு. இதற்குக் குடியுரிமை தேவையில்லை. டெக்ஸஸ் லைசென்ஸில் உள்ள முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்மவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். விசா நீட்டிப்பு வரட்டும், அப்போது லைசென்ஸையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று பழைய அபார்ட்மென்ட் முகவரியிலேயே விட்டுவிடுவார்கள். இன்னொன்று: 2023 சட்டத்தின்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது விலக்கு பெற்றவர்களின் தகுதியை அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் மறுபடி சரிபார்க்க வேண்டும். அந்தக் கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டால் விலக்கு போய்விடும்.

65 வயதானால் கூடுதலாக 60,000 டாலர் விலக்கும், பள்ளி வரி அதற்குமேல் ஏறாதபடி ஓர் உச்சவரம்பும் கிடைக்கும். ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கியிருக்கும் அப்பா அம்மாவின் வயது இதற்கு உதவாது. வீடு யார் பேரில் இருக்கிறதோ அவர் வயதுதான் கணக்கு. இதே உச்சவரம்பு வீடு வாங்குபவரையும் ஏமாற்றும். விற்பவர் எழுபது வயதுக்காரராக இருந்தால் அவர் கட்டிய வரியைப் பார்த்து மாதத் தவணை போடாதீர்கள், அந்தச் சலுகை அவரோடு போய்விடும். புது வீடு என்றால் வேறு கதை. ஜனவரி 1 அன்று அங்கே வெறும் மனையோ பாதிக் கட்டடமோதான் இருந்திருக்கும், முதல் பில் சின்னதாக வரும், வங்கியும் அதை வைத்தே எஸ்க்ரோ (வரிக்காக மாதத் தவணையோடு பிடித்து வைக்கும் பணம்) போட்டிருக்கும். அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் பில் வந்து, எஸ்க்ரோ பற்றாக்குறைக் கடிதமும் வரும்போது பழி ஸ்கூல் போர்டின் தலையில் விழும்.

"வரி இவ்வளவு வாங்கியும் டீச்சருக்குச் சம்பளம் ஏற்றவில்லையே"

இதுதான் மிகவும் பரவலான தவறு, புரிந்துகொள்ளவும் கொஞ்சம் பொறுமை வேண்டும். பள்ளி வரி இரண்டு துண்டுகள் கொண்டது. சம்பளம், மின்சாரம், பேருந்து டீசல் போன்ற நடப்புச் செலவுக்கானது எம் அண்டு ஓ. கட்டடக் கடனை அடைப்பதற்கானது ஐ அண்டு எஸ். ஒன்றின் பணம் இன்னொன்றுக்கு ஓடாது. புதுக் கட்டடம் பளபளக்கும் பள்ளியில் ஆசிரியர் பணியிடத்தைக் குறைப்பது முரணாகத் தெரியும். சட்டம் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது.

நடப்புச் செலவுப் பக்கத்தில் ஒரு மாவட்டத்துக்கு மொத்தம் எவ்வளவு என்பதை மாநிலச் சூத்திரம் சொல்கிறது. அதன் அடிப்படை ஒரு மாணவருக்கு இத்தனை டாலர் என்ற தொகை. 2019-இல் 6,160 டாலர் என்று வைத்தார்கள். 2025-இல் 55 டாலர் ஏற்றினார்கள், ஆசிரியர் ஊதியத்துக்கென்று தனியாகவும் பணம் ஒதுக்கினார்கள். இடையில் விலைவாசி எவ்வளவு ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டு மதிப்பு ஏறி நீங்கள் கூடுதலாகக் கட்டும் பணம் பெரும்பாலும் பள்ளியின் கையில் சேர்வதில்லை. உள்ளூர் வரி கூடக் கூட, மாநிலம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். உள்ளூர் வரியே உரிய தொகையைத் தாண்டிவிட்டால் மிச்சத்தை மாநிலத்துக்கே அனுப்ப வேண்டும். இதைத்தான் "ராபின் ஹுட்" என்கிறார்கள். ஆஸ்டின் மாவட்டம் இப்படி மிக அதிகமாகக் கொடுக்கிறது, டாலஸ் அருகே உள்ள பிளேனோவும் கொடுத்திருக்கிறது.

இது யாரோ வேண்டுமென்று செய்த கொடுமை என்று நினைப்பதற்கு முன் வரலாற்றையும் பார்க்க வேண்டும். சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பகுதிப் பெற்றோர், ஏழைப் பகுதியில் எவ்வளவு வரி போட்டாலும் பள்ளிக்குப் பணம் சேரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்று தோற்றார்கள். 1989-இல் டெக்ஸஸ் உச்ச நீதிமன்றம் எட்ஜ்வுட் பக்கம் நின்றது. அதன் தொடர்ச்சிதான் 1993-இன் ராபின் ஹுட் சட்டம். ஏற்பாடு சரியா தவறா என்று வாதாடலாம், ஆனால் அந்த வாதம் போய்ச் சேர வேண்டிய இடம் ஆஸ்டினில் உள்ள சட்டமன்றம். போர்டு இந்தச் சூத்திரத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

அப்படியானால் போர்டின் கையில் இருப்பது என்ன? நடப்புச் செலவு விகிதத்தில் சில சென்ட்டுகள். சட்டம் சொல்லும் எல்லையைத் தாண்டினால் நவம்பரில் வாக்காளர் ஒப்புதல் கேட்க வேண்டும். இருக்கும் பணத்தை எதில் போடுவது, எந்தப் பள்ளியை மூடுவது, மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்ட் ஆக யாரை ஆக்குவது ஆகியவையும் போர்டின் முடிவுதான். அப்புறம், பாண்ட் எனப்படும் கட்டடக் கடனை மக்கள் வாக்கெடுப்புக்கு வைப்பது. மாநிலம் முழுமைக்கும் பொதுவான பாடத்திட்டம் இதில் சேராது, அது தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மாநிலக் கல்வி வாரியத்தின் வேலை.

பாண்ட் வாக்குச்சீட்டு

2019 சட்டத்துக்குப் பிறகு, பள்ளி பாண்ட் கேள்வி ஒவ்வொன்றிலும் "இது சொத்து வரி உயர்வு" என்ற பொருள்படும் வாசகம் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். விகிதம் ஏறாது என்று மாவட்டம் சொன்னாலும் அந்த வாசகம் இருந்தே ஆக வேண்டும். இதை மட்டும் படித்துவிட்டு "வேண்டாம்" என்று அழுத்துவது ஒரு தவறு. "விகிதம் ஏறாது" என்ற பிரசுரத்தை மட்டும் நம்பி "வேண்டும்" என்று அழுத்துவதும் அதே அளவு தவறு. புதுக் கடன் இல்லாவிட்டால் பழைய கடன் அடைய அடைய விகிதம் இறங்க வாய்ப்பிருந்தது. அந்த இறக்கத்தைத்தான் விட்டுக்கொடுக்கிறோம். பார்க்க வேண்டியது பட்டியல்: எந்தப் பள்ளிக்கு, என்ன வேலைக்கு, எத்தனை ஆண்டுக் கடன். நான்கைந்து ஆண்டில் பழசாகிவிடும் லேப்டாப்பை நீண்ட காலக் கடனில் வாங்குகிறார்களா என்று கேட்பது நல்ல கேள்வி.

ஆயிரம் பேருக்கு மேல் அமரும் விளையாட்டு அரங்கம், நீச்சல் வளாகம், கலையரங்கம் போன்றவை இப்போது தனித்தனிக் கேள்வியாக வர வேண்டும். வகுப்பறைக்குச் சரி, அரங்கத்துக்கு வேண்டாம் என்று பிரித்து வாக்களிக்கலாம். இது நல்ல மாற்றம் என்பது என் கருத்து. டாலஸுக்கு வடக்கே ஆலன் நகரில் சுமார் 6 கோடி டாலரில் 18,000 பேர் அமரும் பள்ளிக் கால்பந்து அரங்கம் 2012-இல் திறந்தது. கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014-இல் மூடி, பழுது பார்த்துத் திரும்பத் திறந்தார்கள்.

எந்த ஐ.எஸ்.டி., எந்த மாதம்

ஊர்ப் பெயரை வைத்து மாவட்டத்தை முடிவு செய்யாதீர்கள். டாலஸை ஒட்டிய இர்விங் நகரின் வேலி ராஞ்ச் பகுதியில் ஒரு பகுதி காப்பெல் ஐ.எஸ்.டி. ஃப்ரிஸ்கோ நகருக்குள்ளேயே ஃப்ரிஸ்கோ, பிராஸ்பர், லிட்டில் எல்ம், லூயிஸ்வில் என்று நான்கு மாவட்டங்களின் எல்லைகள் வருகின்றன. வரி பில்லில் எந்த ஐ.எஸ்.டி. பெயர் இருக்கிறதோ அதன் வேட்பாளர்களைத்தான் பார்க்க வேண்டும்.

பல மாவட்டங்களில் போர்டு தேர்தல் மே மாதத்தின் முதல் சனிக்கிழமை. அதிபர் தேர்தலுக்கு வரிசையில் நின்றவர்கள் இதற்கு வருவதில்லை. பதிவான வாக்காளர்களில் பத்தில் ஒருவர்கூட வராத மே தேர்தல்கள் சாதாரணம். நவம்பரில் நடந்தால் போர்டு பதவிகள் நீண்ட சீட்டின் அடியில் இருக்கும், வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரும் இராது, பலர் அங்கே வருமுன்னே முடித்துவிடுவார்கள். எதிர்த்து யாரும் நிற்காவிட்டால் தேர்தலையே ரத்து செய்யலாம். மே தேர்தலுக்கு மனு கொடுக்கும் கெடு பிப்ரவரி நடுவிலேயே முடிந்துவிடும். டிரஸ்டி வேலைக்குச் சம்பளமும் கிடையாது. ஆகவே "ஏன் நல்ல ஆள் நிற்கவில்லை" என்று ஏப்ரலில் கேட்பதில் அர்த்தமில்லை.

வாக்காளர் பதிவு தேர்தலுக்கு 30 நாள் முன்பே முடிய வேண்டும். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது தவிர ஆன்லைனில் பதிய வழியில்லை; படிவத்தை நிரப்பித் தபாலில் போட வேண்டும் அல்லது நேரில் கொடுக்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருக்கிறேன், எனக்கு எதற்கு என்று ஒதுங்குபவர்களும் உண்டு. வாக்களிக்க வீடும் வேண்டாம், பள்ளி போகும் பிள்ளையும் வேண்டாம். நியூயார்க்கில் பெற்றோர் வீட்டில் இருந்த திருமணமாகாத ஒருவரைப் பள்ளித் தேர்தலில் வாக்களிக்க விடாதது செல்லாது என்று 1969-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பாண்ட் தேர்தலில் சொத்துக்காரர்களுக்கு மட்டும் இடம் கொடுத்த டெக்ஸஸ் விதியும், ஃபோர்ட் வொர்த் வழக்கில் 1975-இல் விழுந்தது.

விசா, கிரீன் கார்டு

இந்தத் தவறுக்கு மட்டும் விலை மிகப் பெரியது. வரி கட்டுகிறேன், பிள்ளை அந்தப் பள்ளியில்தான் படிக்கிறான், உள்ளூர்த் தேர்தல்தானே என்று எண்ணி வாக்காளராகப் பதிந்துவிடாதீர்கள். டெக்ஸஸில் ஸ்கூல் போர்டு தேர்தலுக்கும் அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். சான் ஃபிரான்சிஸ்கோவில் 2018 முதல் குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டுக்கு வாக்களிக்கலாம் என்பது உண்மை. அந்தச் செய்தி இங்கே செல்லாது. லைசென்ஸ் படிவத்தில் வாக்காளர் பதிவு பற்றிய கேள்வி இருக்கும், அவசரத்தில் "ஆம்" போட்டுவிட வேண்டாம். குடியுரிமை இருப்பதாகப் பொய்யாகச் சொன்னதாக ஆகிவிட்டால், பின்னாளில் குடியுரிமை விண்ணப்பம் மட்டுமின்றி நாட்டில் இருப்பதே சிக்கலாகும். அப்படி ஏதாவது நடந்திருந்தால் நண்பர்களிடம் கேட்காமல் குடிவரவு வழக்கறிஞரிடம் போங்கள்.

நன்கொடையிலும் கோடு உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் உள்ளூர்த் தேர்தல் உட்பட எந்த வேட்பாளருக்கும் பணம் தரக் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் தரலாம். தமிழ்ச் சங்க நண்பர் ஒருவர் போர்டுக்கு நிற்கிறார் என்று எல்லோரிடமும் சந்தா வசூலிப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

பேசுவதற்கு மட்டும் இந்தத் தடை எதுவும் கிடையாது. 2019 முதல், கூட்ட நிரலில் உள்ள விஷயம் பற்றிப் பேச விரும்பும் பொதுமக்களை போர்டு அனுமதிக்க வேண்டும், அதுவும் முடிவெடுக்கும் முன்னால். பட்ஜெட், வரி விகிதத்துக்கு முன் அறிவிப்போடு பொதுக்கூட்டமும் நடத்த வேண்டும். மாவட்டத்தின் இணையதளத்தில் நிரல் இருக்கும். பெயர் கொடுத்துவிட்டால் சில நிமிடங்கள் மைக் உங்களுடையது.