சேர்வராயன் மலை வீட்டுக் காற்றாலை: மின்னேற்றம் குறைந்தால் எங்கிருந்து தேடுவது

ஏற்காட்டில் மின்வாரியக் கம்பி எட்டாத காப்பித் தோட்ட வீடுகளில் சிறு காற்றாலையும் பேட்டரியும் வைத்துக்கொண்டவர்களுக்கு வரும் முதல் குறை, இரவு எட்டு மணிக்கே இன்வெர்ட்டர் கூவத் தொடங்குவதுதான். உடனே எல்லோருடைய பார்வையும் கம்பத்தின் உச்சிக்குப் போகிறது, கம்பத்தைச் சாய்க்க ஆள் தேடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து. பெரும்பாலான குறைகள் தரையிலேயே, பேட்டரி அறைக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே பேட்டரியில் தொடங்கி, கம்பியின் வழியே ஒவ்வொரு படியாக மேலே செல்வதே முறை.

எதையும் தொடுவதற்கு முன் ஒன்றை மனத்தில் நிறுத்துங்கள். காற்றாலை சுழன்றுகொண்டிருக்கும்போது பேட்டரியை ஒருபோதும் கழற்றக் கூடாது. பேட்டரிதான் காற்றாலைக்குப் பிடிமானம். அது போனால் இறக்கை கட்டற்றுச் சுழன்று, மின்னழுத்தம் பல மடங்கு ஏறி, பேட்டரிக்குப் போகும் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் எரிந்துபோகும். காற்று சற்று ஓயும் நேரம் பார்த்துப் பிரேக் சுவிட்சைப் போட்டு, இறக்கை நின்ற பிறகுதான் ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும். பிரேக் சுவிட்ச் என்பது காற்றாலையிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் ரெக்டிஃபையருக்கு (ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் கருவி) முன்பாகவே ஒன்றோடொன்று இணைத்துவிடும் சுவிட்ச். அதைப் போட்டும் வேகம் சரியாகக் குறையவில்லை என்றால், மூன்றில் ஒரு கம்பி எங்கோ அறுந்திருக்கலாம் என்பதற்கு அதுவே முதல் தடயம்.

அடுத்து, உண்மையிலேயே குறை இருக்கிறதா என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆனால் தென்மேற்குப் பருவக் காற்று அடங்கிய பிறகு அதே காற்றாலையிடம் ஆடி மாத விளைச்சலை எதிர்பார்க்க முடியாது, ஏனெனில் காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். 2 மீட்டர் விட்டமுள்ள இறக்கை, நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்றில் ஏறத்தாழ 400 வாட் தரும் என்றால், நொடிக்கு 5 மீட்டர் காற்றில் 50 வாட்தான் தரும். 24 வோல்ட் பேட்டரியில் அது 2 ஆம்பியர். மேலும் ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் வாட் அளவு இங்கே வராது. காற்றுமானி இல்லாதவர்கள் மரத்தைப் பார்க்கலாம். சில்வர் ஓக் இலைகளின் வெளுத்த அடிப்பக்கம் ஓயாமல் புரண்டு தெரிந்தால், காற்று நொடிக்கு 4 முதல் 5 மீட்டர் என்று கொள்ளலாம். அந்த நேரத்தில் அம்மீட்டர் 2 ஆம்பியர் காட்டினால் காற்றாலையில் குறை இல்லை.

இப்போது பேட்டரிக்கு வருவோம். மின்னேற்றமும் பயன்பாடும் இல்லாமல் மூன்று நான்கு மணி நேரம் விட்டுவைத்து, 24 வோல்ட் தொகுதியின் முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். ஈயப் பேட்டரியானால் 25.4 வோல்ட் அளவில் இருந்தால் நிறைந்திருக்கிறது, 24.4 என்றால் பாதி. 24-க்குக் கீழே என்றால் தொடர்ந்து பட்டினி கிடந்திருக்கிறது. மொத்த அளவோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு 12 வோல்ட் பேட்டரியையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒன்று 12.7 காட்டி மற்றது 11-க்கு அருகில் நின்றால், அதற்குள் ஓர் அறை (செல்) செத்துவிட்டது. காற்றாலையை எவ்வளவு பழுது பார்த்தாலும் பயன் இராது. அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் அறைக்கு அறை 0.03-க்கு மேல் வேறுபாடு தெரிந்தாலும் அந்த அறை நலிந்திருக்கிறது என்றே பொருள்.

மலைக்கே உரிய காரணம் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. சேலத்துக் கடையில் கன்ட்ரோலரை 28.8 வோல்ட்டுக்கு அமைத்துக் கொடுத்திருப்பார்கள். வெயில் காயும் சேலத்துக்கு அது போதும், சொல்லப்போனால் சற்று மிகுதி. ஆனால் மார்கழியில் ஏற்காட்டுப் பேட்டரி அறை 15 டிகிரிக்கு இறங்கும்போது, ஈயப் பேட்டரி நிறைய இன்னும் அரை வோல்ட் அளவுக்கு உயர்ந்த அழுத்தம் தேவைப்படுகிறது. வெப்பநிலை உணரி இல்லாத கன்ட்ரோலர் இதை அறியாது. பேட்டரி நிறைந்துவிட்டதாகக் கருதி மின்சாரத்தை வேறு பக்கம் திருப்பிவிடும். உணரி உள்ள கன்ட்ரோலரை வாங்குவது நல்லது. இல்லையேல் பருவத்துக்குப் பருவம் அமைப்பைக் கையால் மாற்ற வேண்டும்.

அடுத்தது இணைப்புகள். மூடுபனி புகும் பேட்டரி அறைகளில் லக்குகளின் (கம்பி முனையில் மாட்டும் செம்பு வளையங்கள்) மேல் பச்சைக் களிம்பு படர்வது சாதாரணம். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் லக்கின் உள்ளேயும் அது இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. நல்ல காற்றில் மின்னேற்றம் நடக்கும்போது, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழின் மேலும், மற்றொன்றை அதில் மாட்டிய லக்கின் செம்பின் மேலும் வையுங்கள். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் தெரியும். 15 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் தெரிந்தால், அந்த ஒரே இணைப்பில் 6 வாட் வெப்பமாக வீணாகிறது. லக்கு கையில் சுடுவதையும் உணரலாம். பிரேக் போட்டுக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, தேவைப்பட்டால் புது லக்கை கிரிம்ப் செய்து, வாசலின் தடவி முடுக்குங்கள்.

கன்ட்ரோலரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது காற்றாலைக்கு உரியதுதானா என்பது. சூரியத் தகட்டுக்கான சாதாரணக் கன்ட்ரோலர், பேட்டரி நிறைந்ததும் தகட்டைத் துண்டித்துவிடும். தகட்டுக்கு அதனால் கேடு இல்லை, காற்றாலைக்கோ அதுவே எமன். காற்றாலைக் கன்ட்ரோலர் உபரி மின்சாரத்தை டம்ப் லோடு எனப்படும் வெப்பச் சுருளுக்குத் திருப்ப வேண்டும். 28.8 வோல்ட்டில் 500 வாட் எடுக்கும் சுருளின் மின்தடை 1.7 ஓம் அளவில் இருக்கும். மீட்டரில் முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. அறையில் அழுகிய முட்டை வாடை வருவதும், டிஸ்டில்டு வாட்டர் வேகமாகக் குறைவதும், உபரி மின்சாரம் பேட்டரிக்கே போவதன் விளைவுகள்.

இவை யாவும் சரியாக இருந்தால்தான் கம்பி வழியே மேலே போக வேண்டும். மெல்லிய காற்றுள்ள நாளில் பிரேக் போட்டு, மூன்று கம்பிகளையும் ரெக்டிஃபையரிலிருந்து கழற்றி விலக்கி வைத்து, பிரேக்கை எடுத்துவிட்டு, இரண்டிரண்டாக ஏசி வோல்ட்டை அளந்து பாருங்கள். மூன்று அளவுகளும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இரண்டு அளவுகள் இறங்கி ஒன்று மட்டும் சரியாக இருந்தால், இறங்கிய இரண்டுக்கும் பொதுவான கம்பிதான் அறுந்தது. அல்லது உச்சியில் சுழலும் தலையிலிருந்து அந்தக் கம்பிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. சுமையில்லாமல் சுழலும்போது 24 வோல்ட் காற்றாலையும் உயிருக்கு ஆபத்தான அழுத்தத்தை எட்டக்கூடும் என்பதால், ரப்பர் கையுறையின்றி இந்தச் சோதனையில் இறங்காதீர்கள். காற்று எழுந்தால் உடனே பிரேக் போடுங்கள்.

கழற்றிய நிலையில் இறக்கை தாராளமாகச் சுழன்று, ரெக்டிஃபையரில் மாட்டியதும் இறுகி நின்றால், அதற்குள் உள்ள டையோடு ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது. இடி மின்னலுக்குப் பிறகு இது அடிக்கடி நேர்கிறது. பாறை நிலத்தில் எர்த் குழி ஆழமாக அமைவதில்லை என்பதால், டையோடை மாற்றுவதோடு கம்பத்தின் எர்த்தையும் அளந்து பார்க்கச் சொல்வேன். கழற்றிய பிறகும் இறக்கை இறுக்கமாகவே இருந்தால், பேரிங்கிலோ கம்பிச் சுருளிலோ பழுது. அப்போதுதான் கம்பத்தைச் சாய்க்க வேண்டும்.

எந்தச் சோதனையிலும் குறை அகப்படாமல், விளைச்சல் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறதா? சுற்றியுள்ள மரங்களைப் பாருங்கள். 100 மீட்டர் தூரத்துக்குள் உள்ள மிக உயர்ந்த மரத்தைவிட இறக்கை 10 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்பது பொது விதி. காப்பிச் செடிக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக், கம்பம் நட்ட ஆண்டில் இறக்கைக்குக் கீழே இருந்திருக்கும்; இன்று தலைக்கு மேலே நிற்கும். மரத்தில் முட்டிக் குழம்பிய காற்றில் வால் இங்கும் அங்கும் அலைபாயும். பேரிங் விரைவில் தேயும். பருவ மழைக்கு முன் நிழல் மரங்களைக் கவாத்து செய்யும்போது காற்று வரும் மேற்குத் திசைக்கு முதலிடம் கொடுங்கள். அதுவும் போதாதென்றால் கம்பத்தை உயர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.

பழுது நீங்கியதும் மீண்டும் மாட்டும் வரிசை முக்கியம். முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரோடு இணைத்து, அதன் விளக்கு எரிவதை உறுதிசெய்து, டம்ப் லோடை மாட்டி, பிறகு மூன்று கம்பிகளை மாட்டி, கடைசியாகப் பிரேக்கை எடுங்கள். கம்பத்தைச் சாய்த்திருந்தால், சில நாள் காற்றடித்த பிறகு கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளின் டர்ன்பக்கிள்களை (இழுத்து முடுக்கும் திருகுகள்) மறுபடி முடுக்கிவிடுங்கள்.