கலிபோர்னியாவிலிருந்து அப்பாவுக்கு பவர் அனுப்பியது – என் அனுபவம்

திருச்சி மனையை விற்க அப்பாவுக்கு பவர் (என் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம்) கொடுக்க வேண்டியிருந்தது. என் வங்கிக் கிளையில் நோட்டரி இருந்தும், பவர் பத்திரம் என்றதும் செய்ய மாட்டோம் என்றார்கள். பல வங்கிகளில் இதுதான் நிலைமை. வாடிக்கையாளரையே இப்படி அலையவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல.

அப்புறம் நான் உறுப்பினராக உள்ள கிரெடிட் யூனியனுக்கு (உறுப்பினர்களே உரிமையாளர்களான கூட்டுறவு வங்கி போன்றது) போன் செய்து, 'பவர் பத்திரம், இந்தியாவில் பயன்படுத்த' என்று தெளிவாகச் சொல்லியே நேரம் வாங்கினேன். உறுப்பினர்களுக்கு இலவசமாம். வெளியே என்றால் இம்மாநிலத்தில் ஒரு கையெழுத்துக்கு 15 டாலர் வரை வாங்கலாம். சாட்சிக்கு ஊழியர்கள் வரமாட்டார்கள் என்பதால் நண்பர்கள் இருவரை அழைத்துப் போனேன். கையெழுத்தை நோட்டரி முன்னால்தான் போட்டேன். பாஸ்போர்ட்டைப் பார்த்தவர், தன் பதிவேட்டில் என் வலது கட்டைவிரல் ரேகையையும் எடுத்தார். சொத்து பவருக்கு இங்கே அது கட்டாயம்.

அடுத்து அபோஸ்டில், அதாவது நோட்டரியின் கையெழுத்தை வெளிநாட்டில் ஏற்க மாநில அரசு தரும் சான்று. லாஸ் ஏஞ்சல்ஸ் மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு நேரில் போனால் வேலை சீக்கிரம் முடிகிறது; 20 டாலரோடு சிறு கூடுதல் கட்டணமும் உண்டு. பத்திரம் ஊர் வந்து சேர்ந்ததும் அப்பா முத்திரைத் தீர்வையைக் கட்டிவிட்டார். பத்திரம் இந்தியா வந்ததிலிருந்து அதற்கு 3 மாதம்தான் கெடு.