பழைய கணினியில் தேதி பின்னோக்கிப் போனால்: ஃபார்மேட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

பயிர்க் காப்பீட்டுக்காகச் சிட்டா நகல் எடுக்க உட்காரும் ஐப்பசி மாதத்தில்தான், டெல்டா வீடுகளில் உள்ள பழைய கணினிகள் அதிகமாக முரண்டு பிடிக்கின்றன. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது, வைரஸ் தடுப்பு மென்பொருள் புதுப்பிக்க மறுக்கிறது, சில கணினிகளில் விண்டோஸ் ஏறும்போதே நீலத்திரை தோன்றி அணைந்துவிடுகிறது. இவற்றைத் தனித்தனிக் கோளாறுகளாக எண்ணி ஃபார்மேட் போடச் சொல்பவர்களே அதிகம். எங்கள் வீட்டு விண்டோஸ் 7 கணினியில் இந்த மூன்றுக்கும் காரணம், மதர்போர்டில் (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையில்) இருந்த ஒரு வட்ட பேட்டரிதான்.

முதலில் திரையின் வலப்பக்க மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். அது பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், இணைய எச்சரிக்கைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் ஒவ்வொரு இணையதளச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2010 என்று காட்டும் கணினிக்கு, இந்த ஆண்டு வழங்கப்பட்ட சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைக் கையால் சரிசெய்த பிறகு தளங்கள் திறந்து, சுவர் சுவிட்சை அணைத்துப் போட்ட மறுநாளே மீண்டும் பழைய தேதி வந்தால், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று உறுதி செய்துகொள்ளலாம்.

சுவிட்ச் போர்டில் மின்சாரம் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும், உள்ளே உள்ள கடிகாரம் அந்த மின்சாரத்திலேயே ஓடும். சுவிட்சை அணைத்தால்தான் பேட்டரி வேலை செய்யத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழையின் இடிமின்னலுக்கு அஞ்சி நாம் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிடுவதாலும், புயலுக்குப் பின் மின்சாரம் வரத் தாமதமாவதாலும், இங்கே அந்த பேட்டரிக்கு உழைப்பு அதிகம். அதற்காகச் சுவிட்சை அணைக்காமல் விட வேண்டாம். மதர்போர்டைவிட பேட்டரி மிகவும் மலிவு.

கடையில் கேட்க வேண்டிய எண் சிஆர் 2032. 20 என்பது மில்லிமீட்டரில் அதன் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 என்ற எண்ணைத் தந்து இதுவும் பொருந்தும் என்பார்கள். விட்டம் ஒன்றாக இருந்தாலும் தடிமன் குறைவென்பதால் தொடர்பு சரியாக அமையாது. கோளாறு கண்டறியும் மென்பொருள்கள் எதையும்விட ஒரு சாதாரண மல்டிமீட்டரையே நான் நம்புகிறேன்: புதிய பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். டிரைவர் அப்டேட்டர், பிசி கிளீனர் போன்றவற்றை இந்தக் கட்டத்தில் நிறுவவே வேண்டாம்.

மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, கூட்டல் குறி மேலே தெரியும்படி புதிய பேட்டரியைப் பொருத்துங்கள். வேதாரண்யம் போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் பேட்டரி உட்காரும் இடத்தின் தகடு பச்சை பூத்திருக்கலாம்; ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்ட பிறகு பொருத்துங்கள்.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது இதற்கு அடுத்த படி. பேட்டரி தீரும்போது பல பழைய மதர்போர்டுகளில் தேதி மட்டும் போவதில்லை. பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் அனைத்தும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. அவற்றில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்குடன் மதர்போர்டு பேசும் முறையைக் குறிக்கும் சாட்டா மோட். விண்டோஸ் நிறுவப்பட்டபோது அது ஐ.டி.இ. என்று இருந்து, இப்போது ஏ.எச்.சி.ஐ. என்று மாறிவிட்டால், அல்லது இதற்கு நேர்மாறாக நடந்தால், விண்டோஸால் தன் டிஸ்க்கையே அடையாளம் காண முடியாமல் 7பி என முடியும் பிழை எண்ணுடன் நீலத்திரை வரும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று இந்த இடத்தில்தான் பலர் முடிவு கட்டுகிறார்கள். ஆனால் கோப்புகள் அப்படியே இருக்கும். கணினி ஏறும்போது டெலீட் விசையை (டெல் கணினிகளில் எஃப் 2, எச்.பி. கணினிகளில் எஃப் 10) அழுத்தி பயாஸுக்குள் நுழைந்து, ஸ்டோரேஜ் அல்லது பெரிஃபெரல்ஸ் என்ற பகுதியில் சாட்டா மோடைத் தேடி, இப்போது உள்ளதற்கு மாற்றானதைத் தேர்ந்து, சேமித்து வெளியே வாருங்கள். அதன் பிறகும் ஏறவில்லை என்றால், பட்டியலில் மிச்சமிருக்கும் முறையைப் பாருங்கள். இரண்டு டிஸ்க்குகளை ரெய்டு முறையில் இணைத்திருப்பவர்கள் மட்டும் இந்தப் பரிசோதனையைச் செய்யக் கூடாது. சரியான அமைப்பு கிடைத்தவுடன் அந்தத் திரையைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் ஏறியதும் தேதியையும் ஆண்டையும் கையாலேயே சரிசெய்ய வேண்டும். தானாக இணையத்திலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளும் என்று காத்திருப்பது வீண்; வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் விண்டோஸ் அதைத் திருத்த மறுத்துவிடும்.

தேதி சரியான பிறகும் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், காரணம் வேறு. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது. குரோம் உலாவி 109ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. ஏராளமான தளங்களின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழும் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானதால், நெடுநாள் புதுப்பிக்காத கணினிகள் அதன் பிறகு திணறின. ஃபயர்ஃபாக்ஸ் விண்டோஸை நம்பாமல் தன் சொந்தச் சான்றிதழ்த் தொகுப்பையே பயன்படுத்துகிறது. அதனால் அதன் 115 இ.எஸ்.ஆர். (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) வரிசையில் கடைசியாக வந்த பதிப்பை நிறுவுவதே என் தேர்வு. ஆனாலும் வங்கிக் கணக்குகளை விண்டோஸ் 7இல் திறக்க வேண்டாம் என்பேன்.

பின்சேர்க்கை: புதிய பேட்டரி போட்டும் நேரம் தவறுகிறது என்று நீடாமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். தேதி சரியாக இருந்து, நேரம் மட்டும் ஐந்தரை மணி பிசகினால், அதே கணினியில் லினக்ஸ் என்ற மற்றொரு இயங்குதளமும் இருக்கிறதா என்று பாருங்கள்; அவர் கணினியில் இருந்தது. உள்கடிகாரம் காட்டுவதை விண்டோஸ் இந்திய நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்வதால், ஒன்று திருத்துவதை மற்றொன்று கலைத்துவிடுகிறது. லினக்ஸ் பக்கத்தில் உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்குமாறு அமைத்தால் போதும்.