தண்ணீர்ப் பூங்காவுக்குக் குழந்தைகளோடு கிளம்பும் முன்

மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் மாதிரி ஒரு தண்ணீர்ப் பூங்காவுக்குப் போகத் திட்டமா? முதலில் உடையை எடுத்து வையுங்கள். பருத்திச் சட்டை, ஜீன்ஸ் எல்லாம் பெரும்பாலான இடங்களில் தண்ணீருக்குள் விடமாட்டார்கள். நைலான் துணிதான் வேண்டும். நிறமும் ரொம்ப முக்கியம். நீலம் வேண்டவே வேண்டாம். நீல ஓடு பதித்த தொட்டியில் நீலச் சட்டைப் பிள்ளையைத் தேடிப் பாருங்கள், வயிறு கலங்கிவிடும். என் மகளுக்குப் பளீரென்ற ஆரஞ்சு பனியன்தான். அலைக்குளத்தில் அத்தனை தலைகளுக்கு நடுவிலும் சட்டென்று கண்ணில் படுவாள்.

சறுக்குகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. வீட்டுச் சுவரிலேயே அளந்து, எதில் ஏறலாம் என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். வரிசையில் நின்றபின் திருப்பி அனுப்பினால் பாவம், ஏங்கிப்போகும்.

அப்புறம், யார் பார்த்துக்கொள்வது? சித்தி, மாமா என்று நாலு பேர் போனால், இன்னொருவர் பார்க்கிறார் என்றே எல்லாரும் நினைப்போம். அரை மணிக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். அந்த நேரத்தில் அவர் கையில் போன் கூடாது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையும் ஆட்டாது. காற்றடைத்த டியூபை நம்பாதீர்கள். சின்னப் பிள்ளை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும்.

உங்கள் போன் எண்ணை அழியாத மார்க்கரால் பிள்ளையின் முழங்கைக்குக் கீழே எழுதிவிடுங்கள். ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை, வெயிலுக்குத் தொப்பி, குடிக்கத் தண்ணீர். முடிந்தால் வார நாளில், கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.